கழித்துக்கட்டிய ஐந்து நாட்கள்

ஆய்வுக்கூடத்தில் அவளுக்குச் சல்லடை என்று பெயர். பட்டப்பெயர்தான்; ஆனால் அவளுடைய வேலையை அதைவிடச் சுருக்கமாக யாராலும் சொல்லிவிட முடியாது. பூமிக்கு மேலே சுற்றிக்கொண்டிருக்கும் காமாக் கதிர்த் தொலைநோக்கி, காலை பதினோரு மணிக்கும் பிற்பகல் நான்கு மணிக்கும் தான் பிடித்ததையெல்லாம் கீழே கொட்டும். அதில் முக்கால்வாசிக்கும் மேல் குப்பை. சூரியன் துப்பியது, பூமியின் காந்தப்புலத்தில் மாட்டிக்கொண்டு அலைவது, கருவி தானாகவே கற்பனை செய்துகொண்டது. அதையெல்லாம் அரித்துத் தள்ளிவிட்டு, உண்மையிலேயே ஒரு நட்சத்திரத்திலிருந்து புறப்பட்டு வந்த ஒளித்துகள்களை மட்டும் மற்றவர்கள் கையில் கொடுப்பது அவள் பொறுப்பு. எந்த நாட்களை நம்பலாம், எந்த நாட்களைக் கழித்துக்கட்ட வேண்டும் என்று ஒரு பட்டியல் வைத்திருந்தாள். அந்தப் பட்டியலைத் தாண்டி யாரும் எதையும் பார்ப்பதில்லை. பார்க்கத் தேவையும் இருந்ததில்லை, அவள் அவ்வளவு கறார்.

அந்த வருடம் எல்லாரும் ஓர் இரட்டை நட்சத்திரத்துக்காகக் காத்திருந்தார்கள். அதில் ஒன்று பெரிய நீல நட்சத்திரம். வேகமாகச் சுழல்வதால் அதன் இடுப்பைச் சுற்றி வாயு ஒரு தட்டுபோலப் பரந்திருக்கும். மற்றது செத்துப்போன நட்சத்திரம். குறுக்களவு ஒரு சிறு நகரத்தைத் தாண்டாது, எடையோ சூரியனைவிட அதிகம். நொடிக்கு இருபது முறை தன்னைத்தானே சுற்றும். பெரியதைச் சுற்றிவர அதற்குப் பதினோரு வருடம் பிடிக்கும். அதில் பெரும்பகுதி எங்கோ தொலைவில் கழிந்துவிடும். கடைசிச் சில வாரங்களில் மட்டும் தலைகுப்புற விழுவதுபோல வந்து, வாயுத்தட்டைக் கிழித்துக்கொண்டு உள்ளே போய், பெரியதை மிக அருகில் கடந்து, மறுபடி தட்டைக் கிழித்துக்கொண்டு வெளியேறும். அப்போதுதான் அங்கிருந்து எக்ஸ் கதிரும் காமாக் கதிரும் கிளம்பும். அந்தச் சில வாரங்களைத் தவறவிட்டால் இன்னும் பதினோரு வருடம் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

இதற்கு முந்தைய முறை அதைக் கவனித்துக்கொண்டவர் அவளுடைய அண்ணன்.

அண்ணனும் தங்கையும் ஒரே கூடத்தில் வேலை பார்த்தார்கள். அண்ணன் கேலிப்பேர்வழி. மனைவி மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவர் என்பதால், வீட்டில் இரண்டு பேருக்கும் ஒரே தொழில்தான் என்று எல்லாரிடமும் சொல்வார். அவளுடைய நோயாளி சொன்னால் மூச்சை அடக்குவான், என்னுடையது அடக்காது, அதுதான் வித்தியாசம் என்பார். பேசத் தொடங்கும் முன் ஒருமுறை தொண்டையைக் கனைத்துக்கொள்வார். அந்தச் சத்தம் கேட்டாலே நடைபாதையில் இருப்பவர்கள் சிரிக்கத் தயாராகிவிடுவார்கள்.

பதினோரு வருடத்துக்கு முந்தைய அந்த முறை, செத்த நட்சத்திரம் பெரியதைக் கடந்து முப்பத்தொரு நாள் ஆகி, எக்ஸ் கதிரெல்லாம் அடங்கிப்போன பிறகு, திடீரென்று காமாக் கதிர் மட்டும் எகிறியதாக, அவள் பட்டியலுக்குக் காத்திராமல் கொட்டியதை அப்படியே பார்த்திருந்த அண்ணன் சொன்னார். எந்தக் கோட்பாட்டுக்கும் அது பொருந்தவில்லை. துறைத்தலைவர் பட்டியலைத் திறந்து பார்த்தார். இருபத்தொன்பதாம் நாளிலிருந்து முப்பத்துமூன்றாம் நாள்வரை ஐந்து நாட்களை அவள் கழித்துக்கட்டியிருந்தாள். சூரியப் புயல் என்று காரணம் எழுதியிருந்தது. உன் தங்கையே ஆகாது என்று ஒதுக்கிய நாட்களை வைத்துக்கொண்டு என்னிடம் வருகிறாயே என்று தலைவர் சிரித்தாராம். மற்றவர்களும் சிரித்தார்கள். அண்ணனும் கூடச் சிரித்துவிட்டு நேராக அவள் மேசைக்கு வந்தார்.

"பாப்பா, அந்த அஞ்சு நாளையும் நல்லாப் பாத்தியா?"

"பாத்தேண்ணா."

"அப்ப சரி. நீ பாத்தா சரியாத்தான் இருக்கும்."

அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை.

அவள் பார்க்கவில்லை. சூரியப் புயல்களைக் கண்காணிக்கும் மையம் முதலில் அனுப்பிய முன்னறிவிப்பில் ஐந்து நாள் என்று இருந்தது. அறிக்கை கொடுக்க வேண்டிய அவசரத்தில் அதை அப்படியே பட்டியலில் ஏற்றிவிட்டாள். புயல் ஓய்ந்தபின் வரும் இறுதி அறிவிப்பைத் திறந்து சரிபார்ப்பது வழக்கம். அந்த ஒரு முறை செய்யவில்லை. இரண்டு மாதம் கழித்து, வேறு எதையோ தேடும்போது அந்த அறிவிப்பு கண்ணில் பட்டது. புயல் இருபத்தொன்பதாம் நாள் நண்பகலிலேயே ஓய்ந்திருந்தது. மீதி நாட்களெல்லாம் பழுதே இல்லாத நாட்கள்.

உடனே எழுந்து அண்ணன் அறைக்குப் போனாள். அவர் கரும்பலகையைத் துடைத்தபடி யாரிடமோ ஏதோ சொல்லிச் சிரிக்கவைத்துக்கொண்டிருந்தார். வாசல்வரை போனவள் திரும்பி வந்துவிட்டாள். அடுத்த வாரம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அடுத்த வாரம் வந்தது, அதற்கடுத்ததும் வந்தது. அவளுக்குத் தெரியவந்ததிலிருந்து ஐம்பத்துமூன்றாவது நாள் அண்ணனுக்குக் காய்ச்சல் என்றார்கள். மூளைக்குப் பரவிவிட்டது என்றார்கள். ஒன்பது நாள் மருத்துவமனையில் கிடந்தார். அவள் இரண்டே முறை போனாள், இரண்டு முறையும் அவர் தூங்கிக்கொண்டிருந்த நேரமாகப் பார்த்து. பத்தாம் நாள் காலை அவர் இல்லை.

பட்டியலில் ஒரு வரியைத் திருத்துவதற்கு அரை நிமிடம் போதும். ஆனால் திருத்தினால், எப்போது தெரிந்தது என்று யாராவது கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்து ஒரு வருடம் போயிற்று. ஒரு வருடம் சும்மா இருந்ததற்கும் சேர்த்துப் பதில் சொல்ல வேண்டுமே என்று அடுத்த வருடம் போயிற்று. அப்படியே பதினொன்று.

இப்போது அது திரும்பி வந்துகொண்டிருந்தது.

அதன் வரவை முதலில் சொன்னவர் ரேடியோக்காரர். செத்த நட்சத்திரம் ஒவ்வொரு சுற்றுக்கும் விடும் ரேடியோத் துடிப்பை எண்ணுவது அவர் வேலை. அதைப் பம்பரம் என்றுதான் சொல்வார். இருபது வருடமாக அடுத்த அறையில் இருக்கும் மனிதர், வாய் ஓயாதவர். ஒருநாள் காலை அவள் அறைக்குள் தலையை நீட்டி, பம்பரம் தட்டுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது, நேற்றிலிருந்து துடிப்பு கேட்கவில்லை, இனி உங்கள் பாடு என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று பிற்பகல்தான் முதன்முதலாக அவளுக்கு அந்தச் சத்தம் கேட்டது. தொண்டையைக் கனைக்கும் சத்தம். மிக அருகில், தோளுக்குப் பின்னால். திரும்பிப் பார்த்தாள். சுவரும் அலமாரியும்தான். மறுநாளும் கேட்டது. அதற்கு மறுநாள் இரண்டு முறை. நடைபாதைக் கோடியில் இருந்த அண்ணனின் அறையில் இப்போது பழுதான திரைகளையும் காலி அட்டைப்பெட்டிகளையும் போட்டு வைத்திருந்தார்கள். அங்கிருந்து வருகிறதோ என்று போய்க் கதவைத் திறந்தாள். வெயில் ஒரு பெட்டியின் மேல் விழுந்திருந்தது. தூசு அசையக்கூட இல்லை.

ஒரு வாரம் அவள் இதை யாரிடமும் சொல்லவில்லை. பிறகு ஒருநாள் ரேடியோக்காரர் தொண்டை வலிக்கு உறிஞ்சும் மிட்டாய் ஒரு பொட்டலத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

"உங்களுக்கு ஜலதோஷம் பிடிச்சிருக்கா? ஒரு வாரமா கனைச்சுக்கிட்டே இருக்கீங்களே, சுவத்துக்கு அந்தப் பக்கம் வரைக்கும் கேக்குது. உங்க அண்ணன் ஞாபகம் வந்துருச்சு எனக்கு."

அவள் மிட்டாயைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். தன் தொண்டையிலிருந்தா வந்தது? கையை எடுத்துக் கழுத்தின்மேல் வைத்துக்கொண்டாள். தன்னுடைய கழுத்தைத் தொடுவதற்கே பயமாக இருந்தது. அன்றிலிருந்து அறையில் தனியாக இருக்கும்போது வாயை இறுக மூடிக்கொண்டு வேலை செய்தாள். அப்படியும் சில சமயம் கேட்டது.

பெரியதைக் கடந்த நாளைப் பூச்சியமாக வைத்து நாட்களை எண்ணத் தொடங்கினார்கள். பத்தாம் நாள் எக்ஸ் கதிர் உச்சத்துக்குப் போயிற்று. பதினாறாம் நாள் பம்பரம் மறுபடி துடிக்கிறது என்று ரேடியோக்காரர் அறிவித்தார். இருபதாம் நாளுக்குள் எல்லாம் அடங்கிவிட்டது. கூட்டத்தில் பாதிப்பேர் வேறு நட்சத்திரங்களுக்குத் திரும்பிப் போய்விட்டார்கள். அவள் மட்டும் நாளுக்கு இரண்டு முறை திரையின் முன்னால் போய் உட்கார்ந்தாள். வந்துவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டே உட்கார்ந்தாள். வராமல் இருந்துவிட்டால், அண்ணன் பார்த்ததும் ஒன்றுமில்லை என்றாகிவிடும். அவள் கழித்த ஐந்து நாட்களில் இழப்பு எதுவும் இல்லை என்றாகிவிடும். தான் எதை வேண்டிக்கொள்கிறோம் என்பது அவளுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

முப்பத்தொன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. பதினோரு மணிக் கொட்டலில் அந்த இடத்திலிருந்து வந்தவை இரண்டே இரண்டு ஒளித்துகள்கள். எந்த நாளும் வருவதுதான். அவள் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். உடம்பில் ஏதோ கட்டு அவிழ்ந்தாற்போல இருந்தது. ஞாயிறு மதியம் அண்ணி வீட்டுக்குப் போவது பதினோரு வருடப் பழக்கம். அன்று படிகளை இரண்டிரண்டாக ஏறினாள்.

அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தார். என்ன, முகம் தெளிவாக இருக்கிறதே என்றார். அந்த நட்சத்திரத்தைப் பார்த்து முடித்தாயிற்று, இன்றைக்கு முப்பத்தொன்றாம் நாள், ஒன்றும் வரவில்லை என்று அவள் சொன்னாள். சொன்னபிறகுதான், இந்த எண்ணை இந்த வீட்டில் இதுவரை தான் உச்சரித்ததே இல்லை என்பது உறைத்தது.

அண்ணியின் கை நின்றுவிட்டது.

"என்ன நாள்னு சொன்ன?"

"முப்பத்தொண்ணு."

அண்ணி மடித்த துணியை மடியிலேயே வைத்துக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"ஆஸ்பத்திரில கடைசி நாலு நாள் உங்க அண்ணன் அதைத்தான் சொல்லிக்கிட்டே இருந்தாரு. முப்பத்தொண்ணு, முப்பத்தொண்ணுன்னு. எனக்கு ஒண்ணும் புரியலை. அவர் கெடந்தது பதினெட்டாம் நம்பர் கட்டில். முப்பத்தொண்ணு ஜன்னலோரமா இருந்துச்சு. அங்க போகணும்னு ஆசைப்படுறாரோன்னு நெனச்சு, நர்ஸ்கிட்ட சண்டை போட்டு, கெஞ்சி, அந்தக் கட்டிலுக்கு மாத்துனேன். மாத்துன பிறகும் அதையேதான் சொன்னாரு. இதுதாங்க முப்பத்தொண்ணு, வந்துட்டோம்னு நானும் சொல்லிக்கிட்டே இருந்தேன்."

அவள் சாப்பிட உட்கார்ந்தாள். என்ன சாப்பிட்டாள் என்று பிறகு நினைவில்லை. மூன்று மணிக்கு எழுந்து, மறந்துவிட்ட வேலை ஒன்று இருக்கிறது என்று சொல்லிக் கூடத்துக்குத் திரும்பினாள்.

ஞாயிறு பிற்பகல் என்பதால் கட்டடத்தில் ஆள் அரவமே இல்லை. நான்கு மணிக் கொட்டலிலும் ஒன்றும் இல்லை. அவள் அதற்குமேல் அதைப் பார்க்கவில்லை. பதினோரு வருடத்துக்கு முந்தைய கோப்பைத் திறந்தாள். பட்டியலில் தன் கையால் எழுதிய அந்த வரி அப்படியே இருந்தது. அதை நீக்கினாள். சல்லடையை மறுபடி ஓடவிட்டாள்.

முப்பதாம் நாள், இரண்டு. முப்பத்தொன்றாம் நாள், பத்தொன்பது. அடுத்த நாள் பதினாறு.

பத்தொன்பது புள்ளிகள் திரையில் ஒரே இடத்தில் குவிந்திருந்தன. குப்பை இல்லை. குப்பை எப்படி இருக்கும் என்று அவளைவிடத் தெரிந்தவர்கள் யாருமில்லை. பத்தொன்பதை வைத்துக்கொண்டு அன்றைக்கு எதையும் நிரூபித்திருக்க முடியாதுதான். ஆனால் யாரும் சிரித்திருக்க மாட்டார்கள். எழுந்து போய் எல்லா விளக்குகளையும் போட்டாள், வெளியே வெயில் இருந்தும். பிறகு அந்த அறையில் உட்கார முடியாமல் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். நடைபாதைக் கோடியைத் தாண்டும்போது ஓடினாள்.

செவ்வாய்க்கிழமை, முப்பத்துமூன்றாம் நாள், பதினோரு மணிக் கொட்டலில் அது வந்தது. நூற்று நாற்பத்தாறு ஒளித்துகள்கள். அந்தக் கருவி அந்த இடத்திலிருந்து இதுவரை இவ்வளவு வாங்கியதே இல்லை. எக்ஸ் கதிர்த் தொலைநோக்கியைத் திருப்பச் சொன்னார்கள். அதில் சலனமே இல்லை. காமாக் கதிர் மட்டும், அண்ணன் சொன்னபடியே. இந்த முறை இரண்டு நாள் தாமதம், ஏழெட்டு மடங்கு பலம். அரை மணி நேரத்துக்குள் அவள் அறை நிறைந்துவிட்டது. ஆளாளுக்குப் பேசினார்கள். ரேடியோக்காரர் மட்டும் கதவோரமாக நின்று, உங்கள் அண்ணன் இதைத்தானே சொன்னார் என்று இரண்டு முறை சொன்னார். யாரோ அவள் தோளைத் தட்டி வாழ்த்தினார்கள். அவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு வெளியே வந்தாள்.

பேருந்தில் மருத்துவமனைக்குப் போனாள். எக்ஸ்ரே பிரிவு அடித்தளத்தில் இருந்தது. வாசலில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. உள்ளே, மூச்சை இழுத்துப் பிடிங்க, விடாதீங்க, இப்ப விடலாம் என்று அண்ணியின் குரல் கேட்டது. விளக்கு அணைந்ததும் ஒரு முதியவர் சட்டைப் பொத்தானைப் போட்டபடி வெளியே வந்தார். அவள் உள்ளே போனாள்.

அண்ணன் சொன்னது உண்மை, இன்று காலை வந்துவிட்டது என்று சொன்னாள். அண்ணியின் முகம் மலரத் தொடங்கியது. முழுதாக மலரவிடாமல் மிச்சத்தையும் சொன்னாள். முன்னறிவிப்பைப் பார்த்து எழுதியது, அண்ணன் வந்து கேட்டது, பார்த்தேன் என்று பொய் சொன்னது, பிறகு கண்டுபிடித்தது, வாசல்வரை போய்த் திரும்பியது, ஞாயிற்றுக்கிழமை அந்தப் பத்தொன்பது புள்ளிகளைத் திரையில் கண்டது. நிற்காமல் சொன்னாள், நின்றால் மறுபடி தொடங்க முடியாது என்று பயமாக இருந்தது.

அண்ணி ஈயக் கவச அங்கியைக் கழற்றவில்லை. அந்தப் பாரத்தோடேயே முக்காலியில் உட்கார்ந்தார்.

"உனக்குத் தெரிஞ்சு எத்தனை நாள் கழிச்சு அவர் படுத்தாரு?"

"அம்பத்துமூணு நாள், அண்ணி."

"அம்பத்துமூணு." அண்ணி சுவரில் மாட்டியிருந்த யாருடைய நெஞ்சுப் படத்தையோ பார்த்துக்கொண்டே பேசினார். "ஒரு படத்துல சின்ன நிழல் இருந்தாக்கூட நான் எழுதிக் குடுத்தாகணும். என்னோட படமா இருந்தாலும் குடுக்கணும். நான் பாத்தது தப்புன்னா அதையும் எழுதணும். இது ஒண்ணும் பெரிய விஷயம் இல்லை. வேலை, அவ்வளவுதான்." கொஞ்சம் பொறுத்து, "நீ இப்ப போ. ஞாயித்துக்கெழம வராத. நானா கூப்பிடுறேன்" என்றார்.

வெளியே அடுத்த நோயாளி காத்திருந்தார்.

அவள் அன்று மாலையே எழுதினாள். திருத்தக் குறிப்பு என்று தலைப்பிட்டு, ஒன்பது வரி. எந்த ஐந்து நாட்கள், ஏன் கழிக்கப்பட்டன, ஏன் கழித்திருக்கக் கூடாது. கடைசி வரியில், பட்டியலைத் தயாரித்தவருக்கு இந்தத் தவறு அந்த ஆண்டிலேயே தெரிந்திருந்தது என்று எழுதினாள். படித்துப் பார்த்த ரேடியோக்காரர் அந்தக் கடைசி வரி தேவையா, யார் கேட்கப்போகிறார்கள் என்றார். அவள் அதை அப்படியே அனுப்பினாள்.

கேட்டார்கள். விசாரணைக் குழு ஒன்று போட்டார்கள். பதினாறு வருடமாக அவள் ஒதுக்கிய நாட்களையெல்லாம் மூன்று பேர் உட்கார்ந்து மறுபடி சோதித்தார்கள். வேறு தவறு கிடைக்கவில்லை. ஆனாலும் பட்டியல் அவள் கையிலிருந்து போய்விட்டது. உதிரிக் கருவிகளைச் சோதிக்கும் பிரிவுக்கு, பின்கட்டடத்துக்கு, மாற்றினார்கள். பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடுவது தானாகவே நின்றுபோனது. சிலர் வணக்கம் சொல்வதையும் நிறுத்தினார்கள். ஓய்வுபெற்றுவிட்ட பழைய துறைத்தலைவரிடமிருந்து ஒரு வரிகூட வரவில்லை. அந்த எகிறலைப் பற்றிய கட்டுரை வெளியானபோது, அதை முதலில் கண்டவர் என்று அண்ணனின் பெயர் முதல் பத்தியிலேயே இருந்தது. பின்கட்டடத்தில் தனியாக உட்கார்ந்து அந்தப் பத்தியைப் படித்தாள். மேலே படிக்க முடியவில்லை.

ஐந்து மாதம் கழித்து ஒரு காலை, வாசல் காவலர் தொலைபேசியில் கூப்பிட்டு, யாரோ பார்க்க வந்திருக்கிறார்கள் என்றார். அண்ணி நின்றிருந்தார். இத்தனை வருடத்தில் அவர் கூடத்துக்கு வந்ததே இல்லை. இளைத்திருந்தார். நலம் விசாரிக்கவில்லை.

"அந்தப் பத்தொம்பதைக் காட்டு" என்றார்.

அவள் தன் புது அறைக்கு அழைத்துப்போய்த் திரையில் போட்டாள். இது என்ன, அது என்ன என்று விளக்கத் தொடங்கியபோது அண்ணி கையை உயர்த்தி நிறுத்தினார். எக்ஸ்ரே படத்தைப் பார்ப்பதுபோலவே பார்த்தார். முதலில் மொத்தமாக, பிறகு ஓரத்திலிருந்து உள்நோக்கி. ஒவ்வொரு புள்ளியாக எண்ணினார். பிறகு தேதி கேட்டார். அவள் சொன்னாள். கிழமை கேட்டார். வியாழன் என்றாள்.

"அன்னைக்கு எனக்கு டபுள் டியூட்டி. வந்து அப்படியே படுத்துட்டேன். இவர் வந்து பக்கத்துல உக்காந்து, ஒரு விஷயம் சொல்லணும்னாரு. நாளைக்குச் சொல்லுங்க, கண்ணே தொறக்க முடியலைன்னு சொன்னேன். சரின்னு போர்வையை இழுத்து விட்டுட்டுப் போயிட்டாரு. மறுநாள் நானும் கேக்கலை, அவரும் சொல்லலை." அண்ணி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "உன் மேல எனக்கு இன்னும் கோபம் போகலை. போகும்னும் தோணலை. ஆனா இதை உன்னை விட்டா வேற யாரோட உக்காந்து நான் பாக்குறது?"

அவள் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். அண்ணி உட்கார்ந்தார். இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெளியே யாரோ தள்ளுவண்டியில் பெட்டிகளை உருட்டிக்கொண்டு போனார்கள்.

போகும்போது, அந்த நட்சத்திரம் இப்போது எங்கே இருக்கிறது என்று அண்ணி கேட்டார். விலகிப் போய்க்கொண்டிருக்கிறது, இன்னும் ஐந்து வருடம் விலகித்தான் போகும், அதன் பிறகுதான் திரும்பும் என்று அவள் சொன்னாள். அண்ணி கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, தன் மருத்துவமனைக்குப் போகும் பேருந்து எங்கே நிற்கும் என்று விசாரித்தார். அவள் நிறுத்தம்வரை கூட நடந்தாள். பேருந்து வர நேரமாயிற்று. ஒருவரையொருவர் பார்க்காமல், இரண்டு பேரும் சாலையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.